பதினோரு கிலோ

சுடலைமுத்து அவர்கள் இறந்த செய்தி எனக்குக் கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. காலை ஏழரை மணி இருக்கும். செம்பூர் பஸ்ஸுக்காகக் கையில் டிபன் டப்பாவோடு நின்றிருந்தேன். தாராவிப் பக்கமிருந்து வேகமாக நடந்து வந்த அவருடைய மைத்துனர் என்னைக் கண்டதும் நின்றார்.

"சாமி, அத்தான் போயிட்டாக. மஞ்சக்காமால. ஒரு வாரமா தண்ணிகூட எறங்கல. விடியுத நேரத்துல மூச்சு நின்னு போச்சு. ஸ்டோர் சாமிக்கு மொதல்ல சொல்லிட்டு வான்னு அக்காதான் அனுப்பிச்சா" என்றார்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் மணியடித்தார். நான் ஏறவில்லை. செம்பூர் ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் வேண்டுமென்றே விட்ட முதல் பஸ் அதுதான். நியாயமாக மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு பஸ்ஸை விட்டிருக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுவாரம் நம் தமிழ்ச் சங்கத்தார் கான்டீன் ஹாலில் ஒரு இரங்கல் கூட்டம் போட்டார்கள். "பெருங்கையால் அள்ளி அள்ளிப் படைத்த வள்ளல்" என்று தீர்மானம் வாசித்தார்கள். இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள். சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருமாறு செயலாளர் என்னைக் கேட்டார். "நல்லதாக நாலு வார்த்தை போதும் சார், பழசையெல்லாம் கிளற வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டார். நாலு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை. பழசைக் கிளறத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாந்தமான கட்டுரையை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

முதலில் அந்த "பெருங்கை"யைத் தீர்த்துவிடுகிறேன். சுடலைமுத்து அவர்கள் ஒரு நாளும் அள்ளிக் கொடுத்தவரல்லர். அவர் அளந்து கொடுத்தவர். நானூறு பேர் சாப்பிட்டு எழுந்தபின் அவருடைய அண்டாவில் நாலு பேருக்கு மேல் மீந்ததில்லை, யாருக்கும் குறைந்ததுமில்லை. அந்தத் திறமைக்காகத்தான் அவரை நினைக்க வேண்டும். அந்தத் திறமையின் மேல்தான் சேற்றை வாரிப் பூசினார்கள். பூசிய கையோடு இப்போது வள்ளல் என்கிறார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. யுத்த காலத்தில் தேவ்லாலிப் பட்டாளத்து மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, சமையல்காரராக வெளியே வந்தவர். பிறகு தாராவியில் குடியேறி, செம்பூரில் எங்கள் ஆலை கான்டீனுக்குத் தலைமைச் சமையல்காரராக வந்தார். நான் மாட்டுங்காவாசி. பூர்வீகம் பாலக்காடு. அதே கான்டீனுக்கு ஸ்டோர் கிளார்க். அரிசி, பருப்பு, எண்ணெய், இறைச்சி எது வேண்டுமானாலும் என் கையெழுத்தில்தான் இண்டெண்ட், அதாவது கொள்முதல் சீட்டு, போக வேண்டும். அவரைவிட எனக்கு ஆறு வயது அதிகம். அவர் என்னைச் "சாமி" என்பார். நான் அவரை "நீர்" என்பேன்.

அறுபதாம் வருடம் டிசம்பர் மாதம். ஆலையின் ஜெனரல் மானேஜர் வெள்ளைக்காரர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஆபீசர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மதிய விருந்து கொடுப்பது அவருடைய வழக்கம். அந்த விருந்துக்கு ஹாம் இருந்தே ஆக வேண்டும். உப்பும் புகையும் ஏற்றிப் பதப்படுத்திய பன்றித் தொடை அது. முந்தைய வருடங்களில் வெளியிலிருந்து ஒரு ஓட்டல்காரர் சமைத்துக் கொண்டுவந்தார். அந்த வருடம் நம் கான்டீனிலேயே செய்யட்டும் என்று உத்தரவு வந்தது. நூறு பேர். எவ்வளவு ஹாம் வாங்குவது என்று கணக்குப் போட வேண்டியவன் நான். முட்டையைக்கூடக் கையால் தொட்டிராதவன்.

இருந்தாலும் எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தில் நம்பிக்கை இருந்தது. தட்டில் ஆளுக்கு ஆறு அவுன்ஸ் விழ வேண்டும். வேகும்போது பொருள் இரண்டு பங்காகும். ஆகவே பச்சையாக மூன்று அவுன்ஸ் போதும். நூறு பேருக்கு முந்நூறு அவுன்ஸ், அதாவது பத்தொன்பது ராத்தல். சிந்தாமல் சிதறாமல் கணக்குப் போட்டு, இரண்டு சிறிய தொடை என்று இண்டெண்ட் எழுதி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் சுடலைமுத்து அவர்கள் அந்தக் காகிதத்தோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"சாமி, இது என்ன அரிசின்னு நெனச்சீகளா?"

"ஏன்? என்ன தப்பு?"

"வெந்தா ரெண்டா ஆவும்னு எழுதியிருக்கீயளே. கறி வெந்தா சுருங்கும் சாமி."

"சுருங்குமா? எதுக்காகச் சுருங்கணும்?"

அவர் சிரிக்கவில்லை. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். பிறந்ததிலிருந்து நான் அடுப்பில் பார்த்ததெல்லாம் பெருகுகிற பொருள்தான். அரிசி பெருகும், பருப்பு பெருகும், ஜவ்வரிசி பெருகும், கொண்டைக்கடலை ஊறினாலே பெருகும். நெருப்பில் வைத்தால் குறைகிற சாப்பாடு உலகத்தில் உண்டு என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இத வேற யாரும் பாக்க வேண்டாம். புதுசா ஒண்ணு எழுதுங்க" என்றார். அந்தக் கான்டீனில் வேறு யாருக்கும் இன்றுவரை அது தெரியாது. இப்போது நானே சொல்கிறேன்.

அன்றைக்கு அவர் கணக்குப் போட்ட விதத்தை எழுதியே ஆக வேண்டும். நான் ஆள் கணக்கிலிருந்து தொடங்கினேன். அவர் சாப்பிடாதவர்களிலிருந்து தொடங்கினார்.

"லிஸ்ட வாசிங்க சாமி. தொடாதவகள மொதல்ல கழிச்சிருவோம்."

நான் பெயர்களை வாசித்தேன். இந்த ஆபீசர் வீட்டில் எல்லாரும் சைவம், நாலு பேர் போச்சு. இவர் பன்றி தொட மாட்டார், மூன்று பேர் போச்சு. இந்த அம்மாள் அந்தக் கிழமையில் விரதம். இவருக்கு இரத்தக் கொதிப்பு, டாக்டர் உப்பு கூடாது என்றிருக்கிறார். கம்பெனி காரோடு காத்திருக்கும் டிரைவர்கள் மூலமாக அவருக்கு எல்லா வீட்டு வயிறும் தெரிந்திருந்தது. கழித்துக்கொண்டே போனார். நூறு எழுபதாயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப அஞ்சு கூட்டுங்க" என்றார்.

"அது யாரு அஞ்சு?"

"வீட்டுல சைவம், வெளியில ஆசப்படுதவக. அவுக வரிசையில நின்னு வாங்க மாட்டாக. பாத்திரம் கழுவுத பக்கமா ஒரு தட்ட மூடி வச்சிருவேன். வந்து சாப்புட்டுட்டுப் போவாக."

"யார் யார்?"

"அது ஒங்களுக்கு எதுக்கு சாமி? எண்ணிக்க மட்டும் எழுதுங்க."

எழுபத்தைந்து வாய். எலும்போடு பச்சையாக வாய்க்கு முக்கால் ராத்தல். "இதோட கோழியும் இருக்கதுனால இது போதும். இல்லன்னா ஒரு ராத்தல்" என்றார். அந்த வருடம் விருந்து முடிந்தபோது தாம்பாளத்தில் மூன்று துண்டு மிச்சமிருந்தது. ஜெனரல் மானேஜர் சமையலறைக்கே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் அவர் அந்தப் பொருளைச் சாப்பிட்டதே இல்லை. ஆட்டுக்கறியும் மீனும் உண்டு. பன்றி அவர்கள் வீட்டுக் குலசாமிக்கு ஆகாது. இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைப்பார். ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து உப்புப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார். கொதிக்க விடாமல் சின்னத் தீயில் வேகவைத்து, அதே தண்ணீரில் ஆறவிட்டு, தோலை உரித்து, கொழுப்பின் மேல் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தி, சர்க்கரை தடவி அடுப்பில் சிவக்க வைப்பார். சாப்பிடாத ஒருவர் சமைத்தார், சாப்பிடாத இன்னொருவன் கணக்கு எழுதினான். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து நாங்கள் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தோம். யோசனை என்னுடையது. சுருங்கும் என்றால் எவ்வளவு என்று எழுதிவைத்தால் என்ன? உத்திரத்தில் தொங்கும் ஸ்பிரிங் தராசில் அவர் மாட்டுவார். நான் ஆறடி தள்ளி மூக்கில் கைக்குட்டையோடு நின்று முள்ளைப் படிப்பேன். பச்சை எடை, வெந்த எடை, எடுத்த எலும்பு, உரித்த தோல். ராத்தல் போய்க் கிலோ வந்த நேரம் அது. இரண்டிலும் எழுதினேன். நீல அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொரு டிசம்பரும் ஒரு பக்கம், என் கையெழுத்தில், தேதியோடு. எத்தனை வருடம் எழுதினாலும் ஒரே மாதிரிதான் வந்தது. முப்பது கிலோ உள்ளே போனால் பத்தொன்பது கிலோ தட்டுக்கு வரும். சில வருடம் கால் கிலோ முன்னே பின்னே. "நம்ம தராசு பொய் சொல்லாது சாமி, நோட்டப் பத்திரமா வச்சிக்கிடுங்க" என்பார். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். அதுதான் என் குற்றம்.

இனி, மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தக் கடைசி விருந்துக்கு வருகிறேன். அதற்குள் ஆலைக்குப் புதிதாக ஒரு வெல்ஃபேர் ஆபீசர் வந்திருந்தார். கான்டீன் முழுவதும் அவர் பொறுப்பு. அவர் பெயரை எழுதவில்லை. பயத்தினால் அல்ல. சுடலைமுத்து அவர்களின் பெயர் இருக்கிற தாளில் அந்தப் பெயர் வேண்டாம் என்பதனால். தம்மைச் "சுத்த சைவம்" என்று ஊரறியச் சொல்லிக்கொள்பவர். மூடிய தட்டுக்கு வருகிறவர்களில் ஒருவர். பாத்திரம் கழுவும் பக்கம் நின்று, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வந்ததை இரண்டு வருடம் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் அவர் தம் கைப்படக் கொடுத்த பட்டியலில் நூற்றிருபது பேர். சுடலைமுத்து அவர்கள் கழித்துக் கூட்டித் தொண்ணூறு வாய் என்றார். ஐந்து தொடை, முப்பது கிலோ. வெந்து, எலும்பும் தோலும் நீங்கி, பத்தொன்பது கிலோ தட்டேறியது. எல்லாம் நோட்டில் இருக்கிறது. விருந்தன்று பார்த்தால் பந்தலில் நூற்றைம்பது பேர். வெல்ஃபேர் ஆபீசர் தம் கிளப் நண்பர்களையும் அவர்கள் பிள்ளைகுட்டிகளையும் அழைத்து வந்திருந்தார். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுடலைமுத்து அவர்கள் துண்டுகளை மெல்லியதாக்கினார், கோழியை முன்னால் நகர்த்தினார், தம்மால் ஆனதையெல்லாம் செய்தார். லண்டனிலிருந்து வந்திருந்த டைரக்டர் ஒருவர் தாமதமாக வந்து தட்டை நீட்டியபோது தாம்பாளத்தில் எலும்பு மட்டும் இருந்தது. ஜெனரல் மானேஜரின் முகம் சிவந்துவிட்டது.

யாராவது ஒருவர் பழியை ஏற்க வேண்டுமே. முப்பது பேரை அழைத்து வந்தவர் ஏற்பாரா? மறுநாளே விசாரணை வைத்தார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். மூவரும் சைவம், ஒருவர் வெளிப்பார்வைக்கு மட்டும். மேஜைமேல் என்னுடைய இண்டெண்ட். அதில் முப்பது. பக்கத்தில் பரிமாறிய குறிப்பு. அதில் பத்தொன்பது. வெல்ஃபேர் ஆபீசர் இரண்டையும் விரலால் தட்டிக்கொண்டு கேட்டார்.

"க்யாரா கிலோ கிதர் கயா?"

பதினோரு கிலோ எங்கே போயிற்று! சுடலைமுத்து அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சாப், ஹட்டி மே கயா, சமடி மே கயா, பானி மே கயா" என்றார். எலும்பில் போச்சு, தோலில் போச்சு, தண்ணீரில் போச்சு. மூன்று பேரும் சிரித்தார்கள். பதினோரு கிலோ தண்ணீரில் போகுமா என்று ஒருவர் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சில வருடத்துக்கு முன்னால் நானும் அதையே கேட்டவன். வெல்ஃபேர் ஆபீசரின் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நான் சுத்த சைவம், இந்தக் கருமம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் கூட்டல் கழித்தல் தெரியும்" என்றார். முந்தின நாள் மத்தியானம் தின்ற துண்டு அவர் வயிற்றில் அப்போதுதான் செரித்திருக்கும்.

"வெளியே விற்றிருக்கிறான்" என்று முடிவுகட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஸ்டோர் கிளார்க். இவன் சொல்வது போல் இவ்வளவு குறையுமா?"

நோட்டு என் மேஜை இழுப்பறையில் இருந்தது. இரண்டு அறை தள்ளி. எழுந்து போய் எடுத்துவர இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. சுடலைமுத்து அவர்கள் என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. தராசில் மாட்டிவிட்டு முள் என்ன காட்டுகிறது என்று கேட்பாரே, அதே பார்வை.

என் மூத்த மகனுக்கு அந்த ஆலையிலேயே டிராஃப்ட்ஸ்மன் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். மனு வெல்ஃபேர் ஆபீசரின் மேஜையில் கிடந்தது.

"ஐ ஆம் எ வெஜிடேரியன், சார்" என்றேன். "எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது."

என் வாழ்க்கையில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம்தான். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் சொல்லியிருக்கிறேன், பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அன்று அதை எடுத்து ஒருவர் கழுத்தில் வைத்தேன். என் ஆசாரம் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. தூ! அப்படிப்பட்ட ஆசாரம் யாருக்கு வேண்டும்?

"நேர்மைக் குறைவு" என்று காகிதத்தில் எழுதி வேலையை விட்டு நீக்கினார்கள். ஜெனரல் மானேஜர் கையெழுத்துப் போட்டார். பிறந்த நாளிலிருந்து ஹாம் தின்றவர். விசாரணைத் தாளைப் புரட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் அபத்தம் என்று சொல்லியிருப்பார். புரட்டவில்லை. கீழே இருப்பவனின் மானத்துக்கு ஒரு நிமிடம் செலவழிக்க மேலே இருப்பவருக்கு என்ன முடை?

அன்று மாலை கேட் அருகில் அவரைப் பிடித்தேன். வெட்கமில்லாமல் அவரிடமே கேட்டேன். "மூடின தட்டைப் பத்தி ஏன் ஓய் சொல்லலை? அவன் வாயை அங்கேயே அடைச்சிருக்கலாமே!"

"ஒருத்தரு ஒளிச்சுத் திங்கத வெளியில சொல்லித்தான் நான் பொழைக்கணுமா சாமி? நம்பித்தான வந்து சாப்புட்டாக" என்றார். பையிலிருந்து தம் கத்தியை எடுத்து, கம்பெனிக் கத்தி அல்ல, சொந்தக் கத்திதான் என்று வாட்ச்மேனிடம் காட்டிவிட்டு வெளியே நடந்தார். அன்று நான் விட்டிருக்க வேண்டிய பஸ்ஸில் வழக்கம்போல் ஏறி வீடு திரும்பினேன்.

"நீங்க ஏன் சொல்லல" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. அதற்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கேட்டிருக்க வேண்டும். ஓங்கி ஒரு அறை அறைந்திருக்க வேண்டும். என்னையும் மூடின தட்டுக்காரர்களில் ஒருவனாகச் சேர்த்துக் காப்பாற்றிவிட்டுப் போனார். அந்தத் தயவு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என் மகனுக்கு மார்ச் மாதம் வேலை கிடைத்தது.

அந்தச் சான்றிதழோடு வேறெந்தக் கான்டீனிலும் அவரை உள்ளே விடவில்லை. தாராவியில் வீட்டு முன்னறையிலேயே மெஸ் வைத்தார். தோல் ஷெட் ஆட்கள், தையல் ஆட்கள், ஊரிலிருந்து தனியாக வந்தவர்கள் என்று முப்பது நாற்பது பேர். மூன்று வருடத்தில் நான் இரண்டே தடவை போனேன். இரண்டு தடவையும் "சாமிக்கு மோர் குடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குப் பரிமாறப் போய்விட்டார். ஆலைப் பேச்சே எடுக்கவில்லை. மெஸ்ஸுக்கு வரும் ஒருவன் ஏதோ சண்டையில் அவரை "கறி திருடி" என்று ஏசினான் என்றும், அன்று முழுவதும் அவர் கரண்டியைத் தொடவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். செம்பூரில் சொன்ன சொல் ரயில் பாதை தாண்டித் தாராவிக்கும் வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் காமாலை வந்து இறந்தார். காமாலைதான் கொன்றது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

பதினாறு கழிந்த மறுநாள் உறவுமுறைக்கெல்லாம் கறிச்சோறு போடுவது அவர்கள் வழக்கம். எனக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். நீல நோட்டைத் துணிப் பையில் வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கே போனேன். வாசலில் செங்கல் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி இசக்கியம்மாள் அவர்கள் கறிக்கடைக்காரர் கொண்டுவந்ததைத் தாமே நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேரும்மா?" என்று கேட்டேன். வேறென்ன பேசுவதென்று தெரியவில்லை.

"எழுவத்தஞ்சு பேரு. செவ்வா வெரதம் இருக்கவக ரெண்டு பேரு, ஒங்களையும் கழிச்சா எழுவத்திரெண்டு. எலும்போட பதினெட்டு கிலோ எடுத்திருக்கு. வெந்தா பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கும்" என்றார். கணவர் கணக்குப் போடும் அதே வரிசை. முதலில் கழித்தல்.

கறியை அண்டாவில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். அவுக இருந்தவரைக்கும் கேக்க விடல. கறி வெந்தா சுருங்கும்னு எங்க தெருவுல அடுப்புப் பத்த வைக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். அம்புட்டுப் பெரிய ஆபீசுல, அம்புட்டுப் படிச்சவுகள்ல, ஒருத்தருக்குக்கூடவா தெரியாமப் போச்சு?"

அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "அவர்தான் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். அன்னிக்கும் என் மேஜையிலதான் இருந்தது. என் பையன் வேலைக்காக வாயை மூடிண்டேன்."

நோட்டை நீட்டினேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பெண்கள்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். இசக்கியம்மாள் அவர்கள் அதை வாங்கவில்லை. திட்டவுமில்லை, அழவுமில்லை.

"எனக்கு எதுக்குச் சாமி இது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதுன்னு சொன்னவுககிட்ட கொண்டு போயிக் குடுங்க" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஸ்டோர் சாமிக்குத் தனி அடுப்புல வச்ச ரசம் எறக்கியாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

எனக்காக ஒரு அடுப்பு தனியே மூட்டியிருந்தார்கள். அந்த இலையில் நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

ஆகவே தெரியாதென்று சொன்னவர்களுக்காகவும், தெரிந்தும் சொல்லாத என் போன்றவர்களுக்காகவும், அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை இங்கே எழுதுகிறேன். ஐந்து தொடை. எலும்பு நாலரை கிலோ. தோல் இரண்டு கிலோ. வேகும்போது தண்ணீராகவும் கொழுப்பாகவும் போனது நாலரை கிலோ. ஆகப் பதினொன்று. சுடலைமுத்து அவர்கள் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனது அவருடைய சொந்தக் கத்தி ஒன்று. நோட்டை நேற்று ஜெனரல் மானேஜர் அறையில் நேரில் கொடுத்துவிட்டேன். விசாரணைத் தாளைத் திருத்த வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். என் வேலைக்கு என்ன ஆகும் என்று செயலாளர் கவலைப்படுகிறார். ஆகட்டும். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை வெட்டினாலும் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

போய் வாரும், சுடலைமுத்து. இவ்வளவு காலம் கழித்து வந்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. பதினோரு கிலோ எங்கே போயிற்று என்று உம்மை நிற்கவைத்துக் கேட்டார்களே, அது எங்கும் போகவில்லை. மூன்று வருடமாக என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது.